ஆத்துமா, ஜீவன், உயிர்: நாய்க்கு எந்தச் சொல்?

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நாயோ பூனையோ செத்துப்போனால், பிள்ளைகள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அது மோட்சத்துக்குப் போகுமா? பெரியவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: அதுக்கு ஆத்துமா கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அத்தனை பேருக்கும் பழகிப்போன இந்தப் பதில் ஒரே ஒரு சொல்லை நம்பி நிற்கிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, வேதத்தின் மூலமொழியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது, தமிழில் அதற்குச் சரியான சொல் எது என்று தேடிப் பார்த்தால் அந்தப் பதில் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஆத்துமா என்பது சமஸ்கிருத ஆத்மன். த்-க்குப் பின் ம வருவது தமிழ் நாவுக்கு ஒத்து வராததால் நடுவில் ஓர் உகரம் ஏறி ஆத்துமா ஆயிற்று. சைவ நூல்களில் அதே சொல் ஆன்மா. பழைய சமஸ்கிருதத்தில் இதற்கு மூச்சு, உடம்பு, தான் என்று பல பொருள் உண்டு. ஜெர்மன் மொழியில் மூச்சு விடுவதைக் குறிக்கும் ஆட்மன் என்ற சொல்லும் இதற்குச் சொந்தம் என்பார்கள். சைவ சித்தாந்தம் ஆன்மாவுக்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறது: பசு. கயிற்றால் கட்டுண்டது என்ற பொருளில், மனித ஆன்மாவுக்கே மாட்டின் பெயர்!

கிறிஸ்தவத் தமிழுக்குள் வந்த பிறகு ஆத்துமா சுருங்கியது. மனிதனுக்குள் இருக்கும் அழியாத பகுதி என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தொடங்கிய பணியின் வழியில் வந்த சபைகள் ஆகட்டும், கோட்டாறு மறைமாவட்டத்துப் பங்குகள் ஆகட்டும், எல்லா இடத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. ஆத்தும ஆதாயம், ஆத்தும இரட்சிப்பு, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள், நவம்பர் 2-இல் சகல ஆத்துமாக்கள் தினம். இவை எதிலும் விலங்குக்கு இடமில்லை. கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஆத்துமா என்றால் மனிதன் மட்டும்தான் என்று பதிந்துபோவது இயல்பு.

சரி, எபிரெய வேதத்தில் என்ன இருக்கிறது? நெபெஷ் என்று ஒரு சொல். ஆதியாகமம் 2:7-இல் தேவன் மண்ணால் மனிதனை உருவாக்கி, நாசியில் ஊதியபோது அவன் 'நெபெஷ் ஹய்யா' ஆனான். உயிருள்ள நெபெஷ். நமது பழைய மொழிபெயர்ப்பு இதை "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்று சொல்கிறது. இப்போது ஒரு பக்கம் முன்னால் புரட்டி 1:24-ஐப் பாருங்கள். நாட்டு மிருகங்களையும் ஊரும் பிராணிகளையும் காட்டு மிருகங்களையும் பூமி பிறப்பிக்கட்டும் என்று சொல்லும் இடத்திலும் அதே 'நெபெஷ் ஹய்யா'தான். தமிழில் அங்கே "ஜீவஜந்துக்கள்". மீன்களைப் பற்றிய 1:20-இலும், ஆதாம் பெயரிட்ட உயிர்களைப் பற்றிய 2:19-இலும் அப்படியே. ஆக, எபிரெயத்தில் மீனும் மாடும் மனிதனும் ஒரே பெயரில் நிற்க, தமிழில் மனிதனுக்கு ஆத்துமா கிடைத்தது, மற்றவற்றுக்கு ஜந்து கிடைத்தது.

நெபெஷின் அடிப்பொருள் தொண்டை, மூச்சு, பசி, தாகம், உயிர். அது உடம்புக்குள் ஒளிந்திருக்கும் தனிப்பொருளைச் சொல்லும் சொல் அன்று. சங்கீதம் 69-இன் முதல் வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் "வெள்ளங்கள் என் ஆத்துமா மட்டும் பெருகிவருகிறது" என்று வாசித்திருப்போம். ஆத்துமா மட்டும் வெள்ளம் எப்படி வரும்? புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடத்தில் "வெள்ளம் கழுத்தளவு வந்துவிட்டது" என்கிறது. கோதையாற்றிலோ தாமிரவருணியிலோ மழைக்காலத்து வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கழுத்து, மூச்சு போகும் வழி, அதுதான் நெபெஷ். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற சங்கீதம் 42-ஐ மனப்பாடமாகச் சொல்லாத ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை நம் ஊரில் இல்லை. அங்கே "என் ஆத்துமா" என்பதும் நெபெஷ்தான். தாகத்தில் வறண்ட மானின் தொண்டையும் கடவுளைத் தேடும் மனிதனின் தொண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நீதிமொழிகள் 12:10 இன்னும் நேராகச் சொல்கிறது: "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்." மூலத்தில், நீதிமான் தன் விலங்கின் நெபெஷை அறிந்திருக்கிறான் என்று இருக்கிறது. மனிதனுக்கு ஆத்துமா என்று எழுதிய கை, விலங்குக்கு ஜீவன் என்று எழுதிவிட்டது.

அருமனைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார். முன்னால் அவருடைய பட்டி போகும். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் நாயைப் பட்டி என்றுதான் சொல்வோம். சருகில் பாம்பு கிடந்தால் அது நின்றுவிடும், அவரும் நின்றுவிடுவார். ஒவ்வொரு மரத்திலும் அவர் வெட்டுப்போட்டு, சிரட்டையை நிமிர்த்தி வைக்கும் வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த மரத்துக்கு நடக்கும். வயதாகி அது செத்தபோது வீட்டுத் தென்னைமூட்டில் குழிவெட்டிப் புதைத்தார். பக்கத்தில் நின்ற பேத்தி, "தாத்தா, நம்ம பட்டிய மோட்சத்துல பாப்போமா?" என்று கேட்டாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "அதுக்கு ஆத்துமா கெடையாதுன்னு சொல்லுவாவ மக்களே" என்றார். 'சொல்லுவாவ' என்றுதான் சொன்னார். 'கெடையாது' என்று அவர் வாயால் முடித்துவிடவில்லை. அந்தச் சொல்லை அவரிடம் கொடுத்த மொழிபெயர்ப்புக்கு இந்தக் கட்டுரை ஒரு பதில்.

ஆத்துமா, ஜந்து என்ற இந்தப் பிரிவினை எல்லா மொழியிலும் நடந்ததல்ல. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஆதியாகமம் 1:24, 2:7 இரண்டிலும் 'ப்சுகே' என்ற ஒரே சொல்லை இட்டார்கள். இலத்தீனிலும் இரண்டு இடத்திலும் 'அனிமா'. அனிமல் என்ற சொல்லே அந்த அனிமாவிலிருந்து பிறந்ததுதான். நாம் சொல்லும் பிராணியும் பிராணன் உள்ளது, மூச்சுள்ளது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலோ விலங்குக்கு ஒரு சொல்லும் மனிதனுக்கு ஒரு சொல்லும் என்று பிரிந்து நிற்பதைப் பார்க்கிறோம். நம் பழைய மொழிபெயர்ப்பும் அந்தப் பக்கமே நிற்கிறது. விலங்குக்கு ஆன்மாவே இல்லை என்பது கத்தோலிக்க மரபின் போதனை என்று நினைப்பவர்களும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் அப்படிச் சொல்லவில்லை. செடிக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் ஆன்மா உண்டு, ஆனால் விலங்கின் ஆன்மா உடலோடு முடிந்துவிடும், மனிதனுடையது உடலைக் கடந்தும் நிற்கும் என்றார். 'இல்லை' என்பதும் 'முடிந்துவிடும்' என்பதும் வேறு வேறு.

தமிழில் இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது? எனக்குத் தோன்றும் காரணம் மறுபிறப்பு. செத்தவன் நாயாகப் பிறப்பான் என்ற நம்பிக்கை பரவியிருந்த நாட்டில், மனித ஆத்துமாவையும் விலங்கையும் தள்ளி வைத்துப் பேசவேண்டிய தேவை போதகர்களுக்கு இருந்தது. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் அதற்காக நாய் கொடுத்த விலை அதிகம்.

இந்த எல்லாப் பொருளையும் தாங்கும் தமிழ்ச் சொல் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. உயிர். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், அதனால்தான் பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். உயிர்த்தல் என்றால் ஈனுதல் என்றும் பொருள் உண்டு. நெபெஷைப் போலவே மூச்சில் பிறந்த சொல், அதைப் போலவே எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று தொடங்கி, "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்று ஏறி, "மக்கள் தாமே ஆறறி வுயிரே" என்று முடிக்கிறது. அறிவு ஒன்று, இரண்டு என்று கூடும், ஆனால் உயிர் எல்லாப் படியிலும் உயிர்தான். அதோடு விடாமல் "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்று சில விலங்குகளையும் ஆறாம் அறிவின் வரிசையில் சேர்க்கிறது. சங்கப் பாட்டு ஒன்று சூலுற்ற பெண்புலியை "ஈருயிர்ப் பிணவு" என்கிறது. வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. குமரி மண்ணிலேயே சிதறால் மலையில் சமணர்கள் தங்கள் தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எறும்பின் உயிரையும் உயிராக எண்ணி நடந்தவர்கள் வாழ்ந்த மலை அது.

திருவிவிலியம் 1995-இல் வந்தபோது ஆதியாகமத்தின், அதாவது தொடக்கநூலின், அந்த வரியை "மனிதன் உயிர் உள்ளவன் ஆனான்" என்று மாற்றியது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். மனிதன் தனி உயரத்திலிருந்து இறங்கி மற்ற உயிர்களோடு சேர்ந்து நிற்கிறான். கடவுளின் சாயல் அவனுக்கு மட்டும் உரியது என்பதில் இதனால் ஒரு குறையும் வரவில்லை. அந்தச் சாயலைப் பற்றி 1:27 தனியாகவே பேசுகிறது.

அடுத்தது நம்பிக்கை. மோட்சம் என்பதை ஆத்துமா மட்டும் தப்பித்துப்போகும் இடமாக நினைத்தால்தான் நாய்க்கு ஆத்துமா உண்டா என்ற கேள்வி வரும். விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது சரீரம் உயிர்த்தெழுதலும். உயிர்த்தெழுதல்! நெபெஷுக்குரிய தமிழ்ச் சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. ரோமர் 8 மனிதனோடு நிற்கவில்லை. "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்றும், அந்தச் சிருஷ்டி "அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாக்கப்பட்டு" தேவனுடைய பிள்ளைகளின் சுயாதீனத்தைப் பெறும் என்றும் பவுல் எழுதுகிறார். மோட்சம் என்ற சொல்லுக்கு விடுதலை என்றுதான் பொருள். வீடு என்ற தமிழ்ச் சொல்லும் விடு என்பதிலிருந்து வந்ததே. அப்படியானால் அழிவிலிருந்து விடுதலையாகப் போகும் சிருஷ்டிக்கு மோட்சம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781-இல் இந்த வசனங்களையே எடுத்து ஓர் அருளுரை எழுதினார். விலங்குகள் இங்கே படும் பாடு வீண்போகாது, அவை இழந்ததைவிட மேலான நிலைக்குத் திரும்பும் என்பது அவருடைய வாதம். போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிபெற்று மாறித் தன் இடத்தைப் பெறும் என்கிறது. அதற்கு முந்தின ஆண்டு, நாயை இழந்த ஒரு சிறுவனிடம் அவர் 'சொர்க்கம் எல்லா உயிர்களுக்கும் திறந்திருக்கிறது' என்று சொன்னதாக ஒரு செய்தி உலகமெங்கும் பரவியது. அது தவறான செய்தி, அப்படி ஒரு சந்திப்பு நடக்கவில்லை. சுற்றுமடல் உண்மையாகவே இருக்கும்போது அந்தக் கதை நமக்குத் தேவையும் இல்லை.

மறுத்துப் பேசுபவர்கள் கையில் எடுப்பது வெளிப்படுத்தல் 22:15. பரிசுத்த நகரத்துக்கு "நாய்கள்" புறம்பே இருக்கும் என்று அங்கே எழுதியிருக்கிறதே என்பார்கள். அடுத்த சொல்லையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சூனியக்காரர், கொலைபாதகர் என்று தொடரும் மனிதர்களின் பட்டியல் அது. பிலிப்பியர் 3:2-இல் "நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்று பவுல் எழுதியதும் மனிதர்களை மனத்தில் வைத்துத்தான். நான்கு காலுள்ள நாயைக் கத்தோலிக்க வேதத்தின் தோபித்து நூலில் பார்க்கலாம். தோபியா தூர தேசத்துக்குப் போகும்போது ஒரு பக்கம் தூதர் ரபேல், இன்னொரு பக்கம் வீட்டு நாய். பிரசங்கி 3:21-ஐயும் கேட்பார்கள். மனிதனின் ஆவி உயரப் போவதையும் மிருகத்தின் ஆவி தாழப் போவதையும் "அறிகிறவன் யார்?" என்பது கேள்வி, தீர்ப்பு அன்று. இரண்டு வசனம் முன்னால் அவரே, "ஜீவன்களுக்கெல்லாம் ஒரே சுவாசம்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே சுவாசம், இங்கே ஆவி, எபிரெயத்தில் இரண்டும் ரூவாஹ். சங்கீதம் 104 இதற்கும் மேலே போகிறது. உயிர்களின் சுவாசத்தை வாங்கிக்கொண்டால் அவை மண்ணுக்குத் திரும்பும், பிறகு "நீர் உம்முடைய ஆவியை அனுப்பும்போது, அவைகள் சிருஷ்டிக்கப்படும், நீர் பூமியின் ரூபத்தையும் புதிதாக்குகிறீர்." வாங்கிக்கொண்டவரே திரும்ப அனுப்புகிறார்.

என் வீட்டு நாய், அதே நாய், அதே பெயரோடு அங்கே இருக்கும் என்று எந்தச் சபையும் பிரமாணமாகச் சொன்னதில்லை. அதை நம்பிக்கையாக வைத்துக்கொள்ளலாம், சட்டமாக்க முடியாது. ஆனால் இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்படும் குருவிகளில் "ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று லூக்கா 12-இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தைச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பேத்தி கேட்டால் இந்த வசனத்தைச் சொல்லுங்கள் என்று அருமனைக்காரரிடம் சொன்னேன்.

பழைய மொழிபெயர்ப்பை யாராவது மறுபடி திருத்த உட்கார்ந்தால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆதியாகமம் 1:24-இலும் 2:7-இலும் உயிர் என்ற ஒரே சொல்லைப் போடுங்கள். பழகிய ஜீவாத்துமாவை விட மனமில்லை என்றால், இரண்டு வசனத்துக்கும் கீழே 'மூலத்தில் ஒரே சொல்' என்று ஓர் அடிக்குறிப்பாவது வையுங்கள்.