கேபினட் போட்டதும் நாற்றம் வருவது ஏன்?

"வாஷ்பேசினுக்குக் கீழே கேபினட் போட்டோம், அதிலிருந்து கதவைத் திறந்தாலே சாக்கடை நாற்றம். பிளம்பர் லீக் இல்லை என்கிறார், மாமியார் ஈசானிய மூலையில் பாத்ரூம் இருந்தால் இப்படித்தான் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தண்ணீர் லீக் இல்லை என்பது உண்மையாகவே இருக்கும். காற்று லீக் ஆகிறதா என்று அந்த பிளம்பர் பார்த்திருக்க மாட்டார்.

ஆக்சிஜன் இல்லாத கழிவுநீரில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. பள்ளிக்கூட லேபில் அழுகிய முட்டை வாடை அடித்ததே, அதே வாயு. நூறு கோடி பங்கு காற்றில் இது சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். பேசினுக்குக் கீழே திறந்து கிடந்தவரை கசிந்த வாயு ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, இப்போது கதவு போட்ட பெட்டிக்குள் சேர்ந்து நிற்கிறது. ஆக, பழைய கசிவாகவும் இருக்கலாம். ஆனால் கேபினட்டே புதிதாக ஒரு கசிவை உண்டாக்கியிருக்கவும் வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த விஷயம் அங்கேதான் வருகிறது.

பேசினுக்கு அடியில் டிராப் என்று ஒரு வளைவு இருக்கும், இல்லையென்றால் கிண்ணம் மாதிரி பாட்டில் டிராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்றுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இருக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். அதன் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர். வளிமண்டல அழுத்தம் பத்து மீட்டருக்குச் சற்று மேல் உயரமான தண்ணீர்ப் பத்தியைத் தாங்கக்கூடியது, ஆகவே குழாயின் அந்தப் பக்கம் அழுத்தம் சுமார் இருநூறில் ஒரு பங்கு குறைந்தாலே இந்தக் கதவு திறந்துகொள்ளும். அவ்வளவு லேசான பூட்டு.

யார் குறைக்கிறார்கள்? நாமேதான். பேசினை நிரப்பி ஸ்டாப்பரைத் தூக்குங்கள். மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் 32 மில்லிமீட்டர் குழாயில் இறங்கும்போது, குழாய் விளிம்புவரை நிரம்பிவிடுகிறது, தண்ணீருக்கு மேலே காற்றுக்கு இடமே இல்லை. அந்த நீர்ப்பத்தி செங்குத்தாக விழும்போது பின்னால் அழுத்தம் குறைகிறது, பேசின் பக்கத்திலிருந்து வளிமண்டலம் அழுத்துகிறது, டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. கேனிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர் குழாயில் இழுத்துவிட்டால் தானாக ஓடுமே, அதே சைஃபன். கடைசியில் 'களக் களக்' என்று சத்தம் கேட்கிறதா? டிராப் வழியாகக் காற்று புகுந்துவிட்டதன் சத்தம் அது. சில சமயம் கொஞ்சம் தண்ணீர் திரும்பி விழுந்து மிச்சமிருக்கும், சில சமயம் போதாது.

இதில் இன்னொரு அழகு. இதே வேலையைச் சமையலறை சிங்கில் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிங்கின் அடி தட்டை, கடைசித் தண்ணீர் மெல்ல மெல்ல வழிந்து வந்து காலியான டிராப்பைத் திரும்ப நிரப்பிவிடும். வாஷ்பேசினின் அடி குழிவு, எல்லாம் சட்டென்று போய்விடும், பின்னால் வந்து நிரப்ப ஆளில்லை. பீங்கானின் வளைவு நாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்றால் நம்புவீர்களா!

1775இல் லண்டனில் இருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்கு எஸ் வடிவ வளைவைப் பேட்டண்ட் செய்தார். அருமையான யோசனை, ஆனால் எஸ் வளைவைத் தாண்டியதும் குழாய் நேராகக் கீழே விழுவதால் சைஃபனுக்குத் தோதான வடிவமும் அதுதான். பி (P) டிராப்பில் வளைவு முடிந்து குழாய் லேசான சரிவோடு படுத்தபடி சுவருக்குள் போகும், தண்ணீருக்கு மேல் காற்று ஓட இடம் கிடைக்கும்.

இப்போது கேபினட்டுக்கு வருவோம். டிராயருக்கு இடம் வேண்டும் என்று ஆசாரி கேட்பார். பிளம்பர் இருக்கிற டிராப்பைக் கழற்றிவிட்டு, நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பை இழுத்து, பின்பக்கம் வளைத்துத் தரையிலுள்ள ஓட்டையில் சொருகிவிடுவார். டிராப் போய், தானாக உருவான ஒரு எஸ் வந்துவிட்டது. பல வீடுகளில் அந்த ஓட்டை நேரே நஹானி டிராப்புக்கு, அதாவது பாத்ரூம் தரை வடிகாலுக்கு அடியிலுள்ள டிராப்புக்குப் போகும், அதில் தண்ணீர் நின்றால் சாக்கடைக் காற்று வராது. ஆனால் நெளிவுகளில் படியும் சோப்பும் எச்சிலும் தனியாக நாறும். பைப்பைச் சுற்றி இடைவெளி விட்டிருந்தால் கரப்பானும் வரும்.

என்ன செய்யலாம்? டிராயரின் பின்பக்கம் யு வடிவில் வெட்டிவிட்டு சரியான டிராப்பைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள், முடிந்தால் 75 மில்லிமீட்டர் நீர் நிற்கிற வகை. அதற்கு அப்புறம் போகும் குழாய் 40 மில்லிமீட்டராக இருந்தால் அது முழுதாக நிரம்பாது, சைஃபனும் பிடிக்காது. தரை ஓட்டையைச் சுற்றி சிலிகான் அடியுங்கள். ஆங்கிள் காக்கும் (பேசினுக்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) டிராப்பும் கைக்கு எட்டும்படி பின்பலகையைத் திறந்தே விடுங்கள். பலகை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், 72 மணி நேரம் கொதிக்கவைத்தாலும் பிரியாத, ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் உள்ள பிளைவுட் கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டு இந்த ஈரத்தில் உப்பிப் போய்விடும்.

வாஸ்துவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாத்ரூமை எந்த மூலைக்கு மாற்றினாலும் டிராப்பில் தண்ணீர் இல்லையென்றால் நாறத்தான் செய்யும். இதே ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூடிய பாதாளச் சாக்கடைக்குள் அடர்த்தியாக இருக்கும்போது முதலில் மோப்பத்தையே கொன்றுவிடும், இறங்கிய மனிதருக்கு நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும்போதுதான் உண்மையான ஆபத்து. மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கி இப்படிச் சுத்தம் செய்ய வைக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் போட்டும் மனிதர்கள் இறங்கிச் சாகிறார்கள். சென்னை ஐஐடியில் செப்டிக் டேங்குக்காக ஹோமோசெப் என்ற ரோபோ செய்திருக்கிறார்கள். ராக்கெட்டுக்குக் கை தட்டுகிற நாம் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கும் பணத்தைக் கொட்ட வேண்டும் என்பது என் கட்சி.

காய்ந்த டிராப் நாற்றத்தோடு நிற்பதில்லை. 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தது. தரை டிராப்புகள் காய்ந்திருந்ததும், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய்க் காற்றை வீட்டுக்குள் இழுத்ததும் காரணங்கள் என்று விசாரணையில் தெரியவந்தது.

சைஃபன் இல்லாமலும் டிராப் காலியாகும். வளைவின் மேட்டில் ஒரு முடிக்கற்றை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் தொங்கினால், திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை விசையால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கடந்துபோய்விடும். ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் வெறும் ஆவியாதலே போதும். கிளம்பும் முன் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்ளும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது.