பிரிந்த நாள் எது? மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் சட்டம் வைக்கும் முதல் கேள்வி

திருமணப் பதிவு இல்லாமல் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து பிரிபவர்கள் ஆலோசனைக்கு வந்தால் வீட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். குடும்ப வழக்கறிஞர் முதலில் கேட்பதோ இரண்டு தேதிகளை: சேர்ந்து வாழத் தொடங்கிய நாள், பிரிந்த நாள். உரிமை பிறந்ததா என்பதை முதல் தேதி சொல்லும். காலாவதியாகிவிட்டதா என்பதை இரண்டாவது சொல்லும்.

சொத்தில் பங்கு கேட்க ஆஸ்திரேலியாவில் பொதுவாக 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் கணக்கு தேவையில்லை. நியூசிலாந்தில் 3 ஆண்டு. அதைத் தாண்டினால் குடும்பச் சொத்து சரிபாதி என்பதுதான் பொது விதி. அயர்லாந்தில் 5 ஆண்டு, குழந்தை இருந்தால் 2. ஆனால் அங்கே பாதி கிடைக்காது. துணையைப் பொருளாதார ரீதியில் சார்ந்திருந்ததைக் காட்டினால்தான் நிவாரணம். கனடாவில் மாகாணம் மாறினாலே விதி மாறிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2 ஆண்டு வாழ்ந்தவர்கள் பாகப்பிரிவினையில் மணமானவர்களுக்குச் சமம். ஒன்டாரியோவில் 20 ஆண்டு வாழ்ந்தாலும் மணமானவர்களுக்கான பாகப்பிரிவினை விதி பொருந்தாது. ஜீவனாம்சம் மட்டும் தனியாகக் கேட்கலாம்.

அதிகம் ஏமாறுவது இங்கிலாந்தில்தான். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலே மனைவிக்குரிய உரிமை வந்துவிடும், அவர் 'காமன் லா மனைவி' என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள்; அப்படியொரு தகுதி அங்கே சட்டத்தில் இல்லவே இல்லை. வீடு ஒருவர் பெயரில் இருக்கும். மற்றவர் மளிகை, மின்கட்டணம், பிள்ளை வளர்ப்பு என்று சம்பளத்தைக் கரைத்திருப்பார். நீதிமன்றமோ வீடு வாங்கப் பணம் போட்டது யார், இருவருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் இருவரிடமும் இருந்ததா என்றுதான் பார்க்கும். மளிகை ரசீது அங்கே பெரிதாக உதவாது. யாருக்கு எத்தனை சதவீதம் என்று வாங்கும்போதே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இந்த வழக்கே வராது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 'திருமணத்தின் தன்மையிலான உறவில்' வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு, வசிப்பிடம், பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கேட்க வழி தருகிறது. இருவரும் மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துணைவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். துணைவரின் சொத்தில் பங்கு கேட்க இந்தச் சட்டத்தில் வழி இல்லை.

இனி கெடு. ஸ்காட்லாந்திலும் சுவீடனிலும் பிரிந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் 2 ஆண்டு. பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசிக்கொண்டிருக்கும்போதே இது கடந்துவிடுகிறது. ஒரே வீட்டில் தனித்தனி அறையில் இருந்தவர்களுக்குப் பிரிந்த நாளே தகராறு. பிரிவைத் தேதியோடு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். கூட்டுக் கணக்கை மூடிய நாள், முகவரி மாற்றிய நாள் ஆகியவற்றுக்கான சான்றுகளையும் எடுத்து வையுங்கள்.

மரணம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரான்சில் மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கென 1999 முதல் உள்ள 'பாக்ஸ்' என்ற இணைவாழ்வு ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தாலும், உயில் இல்லாவிட்டால் துணைவர் வாரிசு ஆகமாட்டார். பதிவு ஆகியிருக்கிறதே என்று உயிலைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய.

பிரிந்தால் சொத்து யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதுவதாக இருந்தால் செலவை மிச்சப்படுத்த இருவரும் ஒரே வழக்கறிஞரிடம் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருவரும் தனித்தனியே சட்ட ஆலோசனை பெற்றதற்கான சான்று ஒப்பந்தத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரியும் நாளில் மறுதரப்பு முதலில் தாக்குவது அந்தக் குறையைத்தான்.