இண்டிபென்டென்ட் என்றால் எதில் தொங்காதது?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் ஒரே சுவரில் ஒரே ஆளுக்கு இரண்டு மொழியில் ஓட்டுக் கேட்பார்கள். ஒரு தடவை எங்கள் கடைக்கு எதிர்ச்சுவரில் மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர ஸ்தானார்த்தி' என்றும், அதற்குக் கீழே தமிழில் 'சுயேட்சை வேட்பாளர்' என்றும் எழுதியிருந்தது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பக்கத்துக் கடைச் சேட்டன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஜெயிக்கறதுக்கு முந்தியே சுவேச்சாதிபதியா?"

மலையாளத்தில் சுவேச்சாதிபதி என்றால் சர்வாதிகாரி. தன் இஷ்டப்படி ஆள்கிறவன். எங்கள் தாலுகாவின் பேர் சித்தூர். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் உண்டு. அங்கே தெலுங்கில் 'ஸ்வேச்ச' என்றால் விடுதலை. ஒரு சித்தூரில் சர்வாதிகாரியின் பேருக்குள்ளே உட்கார்ந்திருக்கிற சொல், இன்னொரு சித்தூரில் விடுதலை. இரண்டுக்கும் நடுவில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் டெபாசிட் இழக்கிறவர். மூன்று பேரும் 'இண்டிபென்டென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. வேட்பாளரைப் பொறுத்தவரை மலையாளமும் தெலுங்கும் 'ஸ்வதந்த்ர' பக்கம் போய்விட்டன. தமிழ் மட்டும் இச்சையைப் பிடித்துக்கொண்டது.

எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். சுய + இச்சை, சுயேச்சை. நடுவில் 'ட்' வர வழியே இல்லை. 'லக்ஷம்' லட்சமானது போல 'க்ஷ' இருந்த இடத்தில்தான் 'ட்ச' வரும். இச்சையில் 'க்ஷ' இல்லை. வேட்பாளருக்குப் பழைய பேர் அபேட்சகர். அந்த 'ட்ச' தான் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். எப்படியோ, சுவரிலும் செய்தித்தாளிலும் தப்பான வடிவம்தான் ஜோராக ஓடுகிறது.

இனி ஆங்கிலச் சொல்லின் உள்ளே போவோம். லத்தீனில் 'பெண்டெரே' என்றால் தொங்குதல். 'டி' சேர்ந்தால் ஒன்றிலிருந்து கீழே தொங்குதல். முன்னால் 'இன்' போட்டால் அப்படித் தொங்காதது. கழுத்துச் செயினில் ஆடும் பெண்டெண்டும், கடிகாரப் பெண்டுலமும், தாலுகா ஆபீசில் "உங்க ஃபைல் பெண்டிங்" என்கிறார்களே, அந்தப் பெண்டிங்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஃபைல் தொங்குகிறது என்று அதிகாரி சொல்வது சொல்லின் வேருக்கு அவ்வளவு நியாயம்.

தமிழ் இதைத் தொங்கலாகப் பார்க்கவில்லை, சாய்வாகப் பார்த்தது. சார்தல் என்றால் ஒன்றன்மேல் சாய்ந்து நிற்பது. அதே 'சார்' மலையாளத்தில் 'சாருக'. அங்கே எந்த வீட்டுத் திண்ணையிலும் கிடக்கிற சாய்வு நாற்காலிக்குப் பேர் சாருகசேர. "சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்" என்கிற குறளில் சார்பு பற்றுக்கோடாகவும் வருகிறது, விட வேண்டிய பற்றாகவும் வருகிறது. அதனால் சார்பற்ற, சார்பிலா, சாரா என்பவை புதிதாகக் கட்டிய கலைச்சொல் மாதிரி தெரிந்தாலும் வேர் பழசு. கணக்குப் பாடத்தில் சாரா மாறி, நிகழ்தகவில் சார்பிலா நிகழ்ச்சிகள். அங்கே இவை கச்சிதம். ஒரு மனுஷியைப் போய் 'சார்பிலாப் பெண்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சுதந்திரம் என்கலாமா? 'ஸ்வ' என்றால் தன். 'தந்த்ரம்' என்றால் தறி, அதிலிருந்து கட்டமைப்பு, ஆளும் முறை. ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வாழ்வும் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் "பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்றால் உரிமைச் சொத்தாகப் பெறுவார்கள் என்று பொருள். சொத்தாக வந்ததுதான் அங்கே சுதந்தரம். நாடு அடைந்தது சுதந்திரம், சரி. வேட்பாளருக்கும் வீட்டுக்கும் அது ஒட்டாது.

வேட்பாளர் விஷயத்தில் கேரளத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 'இடது ஸ்வதந்த்ரன்' என்று சாதாரணமாக எழுதுவார்கள்: இடதுசாரி முன்னணி ஆதரிக்கும் சுயேச்சை. தொங்காதவர், ஆனால் இங்கே தொங்குகிறார்! சிரிப்பதற்கு முன் 1957ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டில் பிறந்த, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வருஷம் கம்யூனிஸ்ட் ஆதரவோடு தலசேரியில் சுயேச்சையாக ஜெயித்தார். 126 இடம் உள்ள கேரளச் சட்டசபையில் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 60. ஐந்து சுயேச்சைகளின் துணையோடுதான் அந்தக் கட்சியின் தலைவர் ஈ.எம்.எஸ். ஆட்சி அமைத்தார், கிருஷ்ணய்யர் மந்திரியும் ஆனார். யார் யாரில் தொங்கினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் அத்தை ஊரில் தனியாக இருக்கிறார். கோயமுத்தூரில் இருக்கும் அவர் மகன் யாரிடமும் "அம்மா ரொம்ப இண்டிபென்டென்ட்" என்பான். ஒரு நாள் அத்தை என்னிடம் கேட்டார், "அதென்னடா அது, இவன் எப்பப் பாரு சொல்றான்?"

"ஆரையும் அண்டாம இருக்கறவங்கன்னு அர்த்தமுங்க."

"அண்டாம ஆரு இருக்கறா? பால்காரன் வல்லீன்னா எனக்குக் காப்பி கெடையாது. மருமவ கையைப் பாக்கறதில்லைன்னு சொல்லு, அது நெசம்."

ஆங்கிலத்தில் எதில் தொங்கவில்லை என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். சொல்ல வேண்டுமானால் 'ஆஃப்' போட்டுச் சொல்வார்கள். ('டிபெண்ட்' என்றால் 'ஆன்', 'இண்டிபென்டென்ட்' என்றால் 'ஆஃப்', மின்விசிறி ஸ்விட்சு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், ஸ்விட்சின் ஆஃபை விட ஆங்கில எழுத்து மட்டும் ஒன்று குறையும்.) தமிழில் அத்தை மாதிரி எதை விட்டது என்று சொன்னால்தான் வாக்கியம் நிற்கும். பணத்தில் என்றால் சொந்தக் காலில் நிற்கிறாள். முடிவெடுப்பதில் என்றால் யாரையும் கேட்டு நடக்கிறவள் இல்லை. விதையும் எருவும் வெளியே வாங்காத தோட்டம் என்றால் தற்சார்பு. தனக்குத் தானே விதி வகுக்கும் கல்லூரி என்றால் தன்னாட்சி, அது 'அட்டானமஸ்' என்ற வேறு சொல்லின் பங்கு. 'தன்னிச்சை' பக்கம் மட்டும் போகாதீர்கள். சுயேச்சைக்கு அச்சு அசலான தமிழ் வடிவம் அது, ஆனால் 'தன்னிச்சையாக முடிவெடுத்தார்' என்றால் திட்டு. சேட்டன் சிரித்தது சும்மா இல்லை.

வீட்டுக்குத் தனி வீடு என்ற சொல் இருக்கவே இருக்கிறது. அதற்கு எதிர்ப்பதம் ஒண்டுக்குடித்தனம். ஒண்டுதல் என்றால் இன்னொருவர் நிழலில் ஒதுங்குவது; ஒண்டியாள் என்றாலோ துணையில்லாதவன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் ஒரு மனைப்பிரிவுப் பலகையில் 'இண்டிபென்டென்ட் வில்லா' என்று போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். இரண்டு வில்லாவுக்கும் சேர்த்து ஒரே மதில், ஒரே கிணறு.