கடைசி மாமா ஏறியதும் கணினி ஏன் படுத்துக்கொள்கிறது?

ஃப்ளெக்ஸ் கடை ஒன்றில் டிசைனராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காதணி விழா பேனர் சார், 8க்கு 6 அடி. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று இருபது பேர் படம் வைக்கிற வரை ஃபோட்டோஷாப் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் விட்டுப்போன ஒரு மாமாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதைச் சேர்த்ததிலிருந்து சிஸ்டம் சுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பிளர் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். 16 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார். போடலாமா?"

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்த இடம் 'நன்றாகத்தான் ஓடியது' என்பதுதான். இருபது பேருக்கு நன்றாக ஓடியது, இருபத்தொன்றாவது ஆளுக்குப் படுத்துவிட்டது. சுமை கூடியதோ இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வேகமும் அந்த அளவுக்குத்தானே குறைய வேண்டும்? ஏன் பாதாளத்தில் விழுகிறது? வைரஸ், விண்டோஸ் கோளாறு, கண்ணேறு என்று எல்லாவற்றின் மேலும் பழி போவது இதனால்தான்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். 8 அடி என்றால் 96 அங்குலம், 6 அடி என்றால் 72. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கோப்பைத் திறந்திருப்பார். கல்யாணப் பத்திரிகை அடித்த கைகளுக்கு அதுதான் பழக்கம். 28,800 பெருக்கல் 21,600, மொத்தம் 62 கோடி பிக்சல். அச்சுக்கான நான்கு மை நிற முறை, அதாவது சிஎம்ஒய்கே என்பதால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக, பின்னணி மட்டுமே 2.5 ஜிபி. அதன்மேல் இரண்டடிக்கு இரண்டடியாக ஒரு மாமா. 7,200க்கு 7,200 பிக்சல், ஒளிபுகும் தன்மைக்கு இன்னொரு பைட் சேர்த்தால் 26 கோடி பைட். நான்கு மாமாக்கள் வந்தால் ஒரு ஜிபி காலி.

வேடிக்கை என்னவென்றால், வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் வந்த படத்தின் நீளப்பக்கமே சுமார் 1,600 பிக்சல்தான் இருக்கும். அதை 7,200க்கு இழுத்தால் மாமாவின் மீசையில் ஒரு முடிகூடக் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. சில நூறு கேபியில் வந்த தகவல் 26 கோடி பைட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ராம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் வேகமான நினைவகம். அந்த 16 ஜிபியில் விண்டோஸும் மற்றவையும் எடுத்ததுபோக மிஞ்சுவதில், வழக்கமான அமைப்பின்படி 70 சதவீதத்தைத்தான் ஃபோட்டோஷாப் தனக்கென்று வைத்துக்கொள்ளும். ஏறக்குறைய 10 ஜிபிக்குள் குடும்பம் நடத்த வேண்டும். போதாதபோது ஹார்டு டிஸ்க்கில் ஓர் இடத்தைப் பிடித்து அதையும் நினைவகம்போலப் பயன்படுத்துகிறது. இதற்குப் பெயர் ஸ்கிராட்ச் டிஸ்க். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் 1990இல் முதலில் வெளிவந்தபோது, அது ஓடிய மெக்கின்டாஷ் இயங்குதளத்தில் டிஸ்க்கை நினைவகம்போலப் பயன்படுத்தும் வசதியே கிடையாது. அடுத்த ஆண்டு வந்த சிஸ்டம் 7இல்தான் வந்தது. அதனால் முதல் பதிப்பிலிருந்தே ஃபோட்டோஷாப் தன் பரணைத் தானே கட்டிக்கொண்டது.

பரண் என்று சொன்னதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். கூடத்தில் இடம் இல்லையென்றால், கொஞ்ச நாளாகத் தொடாத பொருளைப் பரணில் ஏற்றுவோம். கணினியும் அதையேதான் செய்கிறது. ஃபோட்டோஷாப் படத்தை ஒரே துண்டாக வைத்துக்கொள்வதில்லை, டைல் டைலாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு டைல் ஏறக்குறைய 1 எம்பி என்று வைத்துக்கொள்வோம். புதிய டைலுக்கு இடம் வேண்டுமென்றால், ராமில் இருப்பவற்றில் எதைத் தொட்டு அதிக நேரம் ஆகிவிட்டதோ அதை டிஸ்க்குக்கு அனுப்பும். நிஜ மென்பொருள்களில் இதற்கு மேல் பல நுணுக்கங்கள் உண்டு. எலும்புக்கூடு இதுதான். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இப்போது ஒரு குட்டிக் கணினி. அதன் ராமில் 3 டைலுக்குத்தான் இடம். படத்திலும் அ, ஆ, இ என்று 3 டைல்கள். பிளர் போடுகிறோம்: அ, ஆ, இ வரிசையாகத் தொடப்படுகின்றன. அடுத்து நிறத்தைத் திருத்துகிறோம்: மறுபடி அ, ஆ, இ. எல்லாமே ராமில் இருக்கின்றன. முதலில் ஏற்றியதோடு சரி, டிஸ்க்குக்கு வேலையே இல்லை.

நான்காவதாக ஈ என்று ஒரு டைல் வருகிறது. அ, ஆ, இ முடிந்து ஈயைத் தொட வேண்டும், இடம் இல்லை. பழசு எது? அ. அது வெளியே போகிறது. அடுத்த சுற்று தொடங்குகிறது, முதலில் வேண்டியது அ! இப்போதுதான் அதை அனுப்பினோம். சரி, அதைக் கொண்டுவர எதை அனுப்புவது? இருப்பதில் பழசு ஆ. அடுத்து வேண்டியதோ அந்த ஆவேதான். அதைக் கொண்டுவர இ போகும். இயைக் கொண்டுவர ஈ போகும். ஈயைக் கொண்டுவர அ போகும். எந்த டைல் இந்த நொடியில் தேவையோ அதுதான் சற்றுமுன் வெளியேற்றப்பட்டிருக்கும். முடிவே கிடையாது.

கவனியுங்கள். 4 டைலில் 3 ராமில் கொள்ளும் என்பதால், நான்கில் ஒரு முறைதான் டிஸ்க்குக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைப்போம். நடப்பதோ நான்குக்கு நான்கு. 3 இடத்துக்குப் பதில் 10,000 இடம் இருந்து, படத்தில் 10,001 டைல் இருந்தாலும் இதே கதைதான். தலைமுதல் கால்வரை வரிசையாகப் போகும் வேலைகளில், ஒரே ஒரு டைல் கூடிப்போனால் பத்தாயிரம் இடமும் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும். சரிவு கிடையாது, விளிம்புதான் உண்டு. கடைசி மாமா ஏறியதும் அந்த விளிம்பிலிருந்து கால் வழுக்கிவிட்டது. இதைக் காகிதத்தில் நாலு கட்டம் போட்டு ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

விழுந்தால் எவ்வளவு ஆழம்? 1 எம்பியை ராமிலிருந்து எடுக்க ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஹார்டு டிஸ்க்கில் முதலில் தட்டைப் படிக்கும் கை நகர வேண்டும், தட்டு சுழன்று சரியான இடம் வர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு ஒருமுறை சுழலவே 8 மில்லிநொடி ஆகும். எல்லாம் சேர்த்து ஒரு டைலுக்குச் சுமார் 18 மில்லிநொடி, அதாவது 300 மடங்குக்கு மேல் தாமதம். பின்னணியில் மட்டும் ஏறக்குறைய 2,400 டைல்கள் இருப்பதால், ஒருமுறை படித்து முடிக்கவே 40 நொடிக்கு மேல். வெளியேறும் டைல் மாற்றப்பட்டிருந்தால் அதை எழுதவும் வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட அதே நேரம். டீக்கணக்கு சரியாக வருகிறதா?

அப்படியானால் எதை வெளியேற்றுவதுதான் சரி? ஐபிஎம்மில் இருந்த லாஸ்லோ பெலாடி 1966இல் இதற்கு விடை சொன்னார்: இனி எது மிகவும் தாமதமாகத் தேவைப்படுமோ அதை அனுப்பு. நம் குட்டிக் கணினியில் இதைப் போட்டுப் பார்த்தால் மூன்று முறைக்கு ஒருமுறைதான் டிஸ்க்குக்குப் போக வேண்டியிருக்கிறது. இதைவிடக் குறைவாக எந்த முறையாலும் செய்ய முடியாது. ஒரே சிக்கல், எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். ஜோசியம் உண்மையிலேயே பலிக்குமானால், முதலில் ஆள் எடுக்க வேண்டியது கணினி நிறுவனங்கள்தான்.

இதற்கும் முன்பே, 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியது. சிறிய நினைவகத்தையும் சுழலும் காந்த உருளையையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகம்போலக் காட்டிய முதல் இயந்திரம் அது. டாம் கில்பர்ன் குழுவின் வேலை. எதை வெளியேற்றுவது என்று தீர்மானிக்க அதில் ஒரு கற்கும் நிரல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் (நம் டைல்போல நினைவகத்தின் ஒரு துண்டு) இப்போது எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது, முந்தைய முறை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று இரண்டையும் ஒப்பிடும். சுற்றிச் சுற்றி வரும் வேலைகளின் தாளத்தைப் பிடிக்க முயலும் நிரல் அது. நம் ஃப்ளெக்ஸ் பேனரின் நோயை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். கல்லூரிகளில் புராஜெக்ட் என்றாலே "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று மாணவனை மடக்குகிறோமே, அந்தக் கேள்வியை அங்கே கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள். அறுபது வருடம் கழித்துக் காதணி விழாவுக்குப் பயன்படும் என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்?

சரி, வைத்தியம். ஆயுத பூஜைக்கு சிபியூவுக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, காற்று போகும் துளைகளை அடைக்காதவரை. ஆனால் டெஸ்க்டாப்பில் எஃப்5 பொத்தானை டக் டக் என்று தட்டினால் வேகம் கூடும் என்பது அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. அது திரையில் உள்ள ஐகான்களைப் புதுப்பிக்கும், அவ்வளவே. ராமைத் துடைக்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்கள் உபத்திரவம்: தேவையான பக்கங்களையும் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, பார் எவ்வளவு காலி என்று பெருமையடிக்கும். அடுத்த நொடியே அவற்றை மறுபடி இழுத்துவர வேண்டும்.

ஃபோட்டோஷாப்பின் கீழ் இடது மூலையில் கோப்பின் அளவு காட்டும் இடம் இருக்கிறது. பக்கத்திலுள்ள அம்புக்குறியைத் தட்டி 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் காட்டினால் எல்லாம் ராமுக்குள் நடக்கிறது. அதற்குக் கீழே போனால் டிஸ்க் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். எந்த மாமாவோடு விளிம்பு வருகிறது என்பதை இதிலேயே பார்த்துவிடலாம்.

காசில்லாத வைத்தியம் ரெசல்யூஷனை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை, குறைப்பது. நல்ல கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரித்தறிய முடியும். 10 அடி தள்ளி நின்றால் அங்குலத்துக்கு சுமார் 30 புள்ளிகளுக்கு மேல் கண்ணுக்கே எட்டாது. பேனரை யாரும் மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை. 72 தாராளம். அதே 8க்கு 6 அடி 72இல் 14 கோடி பைட்டுதான், பதினேழில் ஒரு பங்கு. கோப்பின் நகலை எடுத்து, இமேஜ் சைஸில் அங்குலங்களை மாற்றாமல் ரெசல்யூஷனை மட்டும் குறையுங்கள். ரீசாம்பிள் டிக் இருக்கட்டும். அந்தக் கட்டளையும் ஒருமுறை டீ குடிக்க அனுப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்வாங்குவதற்காக ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் ஹிஸ்டரி வழக்கமாக 50 படி. பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்தால் கோடு பட்ட டைல்களுக்கு மட்டுமே புதுப் பிரதி எடுக்கும், மற்றவற்றைப் பழையதோடு பகிர்ந்துகொள்ளும். முழுப் படத்துக்கும் பிளர் போட்டால் எல்லா டைலுக்கும் பிரதி. பெரிய கோப்பில் இதை 10ஆகக் குறைப்பது நல்லது. ராம் ஒதுக்கீட்டை 70லிருந்து 100க்கு ஏற்றிவிடாதீர்கள். விண்டோஸுக்கு மூச்சு முட்டி, அது தன் பங்குக்கு டிஸ்க்குக்குப் போக ஆரம்பிக்கும்.

இனி கிராபிக்ஸ் கார்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, சுழற்றுவது, சில குறிப்பிட்ட ஃபில்டர்கள் போன்றவற்றில் அது உதவும். டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் ஃபோட்டோஷாப்புக்கு அதனால் பயனில்லை, கார்டும் சேர்ந்து காத்திருக்கும். அந்தப் பணத்தில் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை வாங்கி, தாராளமாகக் காலியிடம் விட்டு, ஸ்கிராட்ச் டிஸ்க்காக அதைக் காட்டுங்கள். சாதாரண சாட்டா வகையிலேயே ஒரு டைலுக்கு 2 மில்லிநொடிதான். விளிம்பு அங்கேயே இருக்கும், பள்ளம்தான் ஆழம் குறைந்துவிடும். மிச்சப் பணத்துக்கு ராம்.

எஃபிஷியன்சி 100 காட்டியும் சுத்துகிறதென்றால் நோய் வேறு. ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்த எழுத்துருக்கள், பழைய பிளக்இன் எல்லாவற்றையும் பாருங்கள். அதற்கும் முன்னால் பெட்டியைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். தூசி அடைத்து வெப்பம் ஏறினால், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃப்ளெக்ஸ் கடைத் தூசிக்கு அதற்கு ரொம்ப நாள் ஆகாது.