ஹீட்டரில் சூடு வரவில்லையா? முதலில் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, குன்னூர் பக்கம் போகிறவர்கள்தான் காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதையே நினைத்துப் பார்க்கிறார்கள். குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்பியாகிவிட்டது, ஃபேனும் நாலாம் நம்பரில் சுற்றுகிறது, வருவது என்னவோ குளிர்காற்று. ஹீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, டேஷ்போர்டைப் பிரித்து ஹீட்டர் காயிலை மாற்றச் சொல்வது பலரும் செய்யும் அவசரம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

பெட்ரோல், டீசல் காரில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு கிடையாது. எரிபொருளிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும், இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் திரவமான கூலன்ட் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. கூலன்ட் சுமக்கும் அந்த வெப்பத்தில் கொஞ்சத்தைக் கேபினுக்குள் திருப்பிவிடுவதுதான் ஹீட்டரின் வேலை. ஆகவே சூடு வரவில்லை என்றால், இன்ஜினின் கூலிங் சிஸ்டத்தில் எங்கோ ஒரு கோளாறு இருக்கலாம் என்று பொருள். கோடையில் ஓவர்ஹீட்டாக வெடிக்கப்போகிற பிரச்சினையைச் சில மாதம் முன்னதாகவே ஹீட்டர் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

சூடான கூலன்ட் சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புத் தடுப்பைத் தாண்டி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலுக்குப் போகிறது. அது கையகல ரேடியேட்டர்தான்: தட்டையான மெல்லிய அலுமினியக் குழாய்கள், நடுவே மடிப்பு மடிப்பாகத் தகடு. அங்கிருந்து இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. ஃபேன் தள்ளும் காற்று இந்தக் காயில் வழியாகப் போவதா, அதைச் சுற்றிப் போவதா என்று முடிவு செய்வது ஒரு பிளாஸ்டிக் கதவு. நீங்கள் திருப்பும் குமிழ் பெரும்பாலான கார்களில் இந்தக் கதவைத்தான் நகர்த்துகிறது. கூலன்ட் சூடாக இருக்க வேண்டும், அது காயிலுக்குள் ஓட வேண்டும், காற்று காயில் வழியாகப் போக வேண்டும். இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது, அதாவது காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட் விரியும்போது போய்ச் சேரும் பிளாஸ்டிக் டப்பாவான எக்ஸ்பேன்ஷன் டாங்கில் அளவு கோட்டுக்குச் சரியாக இருந்தாலும், ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து, வாய்வரை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் டாங்கிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலன்ட் திரும்பாது. டாங்க் நிறைந்தும் ரேடியேட்டர் காலியாகவும் கிடக்கும். சூடான இன்ஜினில் இந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம், மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

அளவு சரி என்றால் அடுத்தது வெப்பநிலை. இப்போது வரும் பல சின்ன கார்களில் டெம்பரேச்சர் முள்ளே இல்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பத்து நிமிடம் ஓட்டியும் நீல விளக்கு அணையவில்லை, அல்லது சாலையில் வேகமாகப் போகும்போது மறுபடி எரிகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி 0128 (P0128) என்ற கோளாறுக் குறியீடு வரக்கூடும். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீண்ட இறக்கத்தில், கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது இன்ஜினுக்கு எரிபொருளே நின்றுவிடுகிறது. அப்போது சூடு குறைவது இயல்பு, குறிப்பாக டீசலில்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு வால்வ். பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து, ரேடியேட்டருக்கு வழிவிடும். அதுவரை கூலன்ட் இன்ஜினையும் ஹீட்டரையும் மட்டுமே சுற்றி வரும். நம் ஊரில் வெயிலுக்கு இது எதற்கு என்று இதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. இது தவறு, ஹீட்டருக்காக மட்டும் சொல்லவில்லை. இன்ஜின் சூடாகாதவரை கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். ஓவர்ஹீட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ என்றால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். கழற்றிய தெர்மோஸ்டாட் நல்லதா என்று சோதிக்க, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு ஓரிரு டிகிரி முன்பின் திறக்கத் தொடங்க வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே இடைவெளி தெரிந்தால் தூக்கிப் போடலாம்.

இன்ஜின் நன்றாகச் சூடாகியும் உள்ளே குளிர்காற்றுதான் என்றால், இனி அந்த இரண்டு ஹோஸ்தான் எல்லாவற்றையும் சொல்லும். குமிழ் முழுச் சூட்டில், ஃபேன் நடுத்தர வேகத்தில், இன்ஜின் ஓட்டத்தில் இருக்கட்டும். இரும்புத் தடுப்புக்குள் நுழையும் இரு ஹோஸ்களையும் விரல் நுனியால் சட்டென்று தொட்டுப் பாருங்கள். 90 டிகிரி இருக்கலாம், பிடிக்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரத்திலும் சுற்றத் தொடங்கும், கையும் துணியும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கறுப்பு ரப்பரின் மேல் காட்ட வேண்டும். பளபளக்கும் அலுமினியக் குழாயில் காட்டினால் உண்மைக்கும் மிகக் குறைவான எண்தான் வரும்.

இரண்டும் சூடாக, 10–15 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கிறதா? கூலிங் சிஸ்டத்தை விட்டுவிடுங்கள். கூலன்ட் ஓடுகிறது, காற்றுதான் காயிலைத் தொடவில்லை. பிளாஸ்டிக் கதவையோ அதை இழுக்கும் கேபிளையோ பாருங்கள். கேபிள் வகையில், டேஷ்போர்டின் அடியில் கிளிப் கழன்று தொங்கும். மோட்டார் வகையில், குமிழைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும்.

ஒன்று சூடு, மற்றொன்று வெதுவெதுப்பு அல்லது குளிர்ச்சி என்றால் காயில் அடைத்திருக்கிறது. சில கார்களில் ஹோஸின் நடுவே ஒரு வால்வ் இருக்கும். அது திறக்காவிட்டாலும் இதே அறிகுறிதான், ஆகவே வால்வுக்கு முன்னும் பின்னும் தொட்டுப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். சமவெளியில் ஓடும் காரில் இந்த வால்வ் ஆண்டு முழுவதும் மூடியே கிடப்பதால், காயிலுக்குள் தேங்கிய கூலன்ட்டில் கசடு இறங்கிவிடும்.

இந்த அடைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது போர் தண்ணீர். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூடு படும்போது சுண்ணாம்பாகப் படியும். கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போய், வார்ப்பிரும்பும் அலுமினியமும் அரிக்கும். அந்தப் பொருக்கும் துருவும் வந்து சிக்குவது மிகக் குறுகலான இடத்தில், அதாவது ஹீட்டர் காயிலில். ஒழுகலை அடைக்க ஊற்றும் பவுடரும் அங்கேதான் போய் உட்காரும். நிறம் ஒத்துப்போகிறதே என்று வேறு வகைக் கூலன்ட்டைக் கலப்பதும் ஆபத்து. நிறத்துக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் உறுதியான சம்பந்தம் இல்லை. கார் புத்தகத்தில் சொன்ன வகை, டிஸ்டில்டு வாட்டர், பாதிக்குப் பாதி. சின்ன காருக்கு மொத்தம் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும்.

அடைத்த காயிலைக் கழற்றாமலே கழுவலாம். இன்ஜின் ஆறிய பிறகு இரு ஹோஸ்களையும் காயில் பக்கம் கழற்றுங்கள். ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் முறுக்காதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் நசுங்கிவிடும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துப் புதிது போடுவது மலிவு. வெளியேறும் குழாயில் தோட்டத்து ஹோஸைச் செருகி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் செம்மண் கரைசல்போலப் பழுப்பாக வரும், பிறகு துகள் துகளாகப் பொருக்கு விழும். மாடித் தொட்டியின் அழுத்தமே போதும். 7 மீட்டர் உயரத்துக்கு 0.7 பார் கிடைக்கிறது. கம்ப்ரஸரை வைத்து ஊதினால் பழைய காயில் பிளந்துவிடும். திசையை மாற்றி மாற்றித் தெளிவாகும்வரை விட்டு, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். வடியும் பழைய கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்துவிட வேண்டும். அதன் இனிப்புக்கு நாய், பூனை வந்து நக்கும்; அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்.

இரண்டு ஹோஸ்களுமே குளிர்ந்திருந்தால் காயிலுக்குக் கூலன்ட் போகவே இல்லை. ஒன்று கூலன்ட் குறைவு, அல்லது உள்ளே காற்று சிக்கி ஓட்டத்தை மறிக்கும் ஏர் லாக், அல்லது வாட்டர் பம்ப். நின்றபடி குளிர்காற்று, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சூடு என்றாலும் சந்தேகம் இந்த மூன்றின் மேல்தான். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளக்கும் சத்தம் கேட்டால் காற்று என்று தெரிந்துகொள்ளலாம். பல கார்களில் ஹீட்டர் காயில் உயரமான இடத்தில் இருப்பதால் காற்று அங்கே போய்த் தங்குகிறது.

காற்றை வெளியேற்ற, ஆறிய இன்ஜினில், காரின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மூடியைத் திறந்து நிரப்பி, அப்படியே ஸ்டார்ட் செய்து, அவ்வப்போது 1500–2000 ஆர்பிஎம் கொடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் கிளம்பும். மட்டம் இறங்க இறங்க நிரப்பி, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடத் தொடங்குவதற்கு முன்பே மூடிவிடுங்கள். காற்றை விடுவதற்குத் தனி ஸ்குரூ உள்ள கார்களில் அதையும் திறந்து, குமிழியில்லாமல் கூலன்ட் வரும்போது இறுக்க வேண்டும்.

இதைச் செய்த சில நாளில் மறுபடி காற்று சேர்ந்தால், அது வெளியிலிருந்து வரும் காற்றாக இல்லாமலும் இருக்கலாம். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட் விட்டு, எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழையக்கூடும். டாங்க் வாயில் வைக்கும் சோதனைக் குழலில் நீலத் திரவம் மஞ்சளானால் சந்தேகமே வேண்டாம்.

காயிலே ஒழுகினால் கண்டுபிடிக்க ஹோஸைத் தொட வேண்டியதில்லை. முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் பிசுபிசுப்பான ஈரம், இனிப்பு வாடை, கண்ணாடியில் துடைத்தாலும் எண்ணெய்போல ஈஷும் ஆவி. மலையில் இப்படி ஆகிவிட்டால், இன்ஜின் ஆறிய பிறகு இரு ஹோஸ்களையும் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டு, குறைந்த கூலன்ட்டை நிரப்பிக்கொண்டு இறங்கலாம். முனைகளைத் தனித்தனியாக அடைக்க வேண்டாம்: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் சூட்டை உணர்வது இந்தத் திரும்பு வழியில்தான், ஓட்டம் நின்றால் அது நேரத்துக்குத் திறக்காது.