சி13-இல் ஏழு சுரமும் வேண்டாம்

பியானோவில் வாசிக்க வைத்த இசைத்தாளில் சி13 என்ற கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டை) பார்த்ததும் சி, ஈ, ஜி, பி ஃப்ளாட், டி, எஃப், ஏ என்று ஏழையும் அமுக்கக் கை போகும். கணக்குப்படி தப்பில்லை. ரூட்டிலிருந்து (கார்டுக்குப் பெயர் தரும் சுரம், இங்கே சி; அதுவே 1) ஸ்கேலில் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் 7-க்கு மேல் 9, 11, 13 வரும். ஸ்கேலின் 2, 4, 6-தான் அவை, ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே. ஆனால் காதில் விழுவது இரைச்சல்.

கெடுப்பது பெரும்பாலும் 11. கீழே ஈ, மேலே எஃப். நடுவில் ஓர் ஆக்டேவும் ஓர் அரைச்சுரமும். மேஜரிலும் டாமினன்டிலும் (மேஜர் 3-உடன் ஃப்ளாட் 7 சேர்ந்த கார்டு, சி13 போல) இந்த உரசல் 3-ஐயே மறைத்துவிடும். ஆகவே 11-ஐ விட்டுவிடுங்கள், இல்லையேல் எஃப் ஷார்ப்பாக உயர்த்துங்கள். மைனரில் 3 என்பது ஈ ஃப்ளாட். எஃப் முழுச்சுரம் தள்ளி நிற்பதால் அங்கே 11 இனிக்கும். அடுத்து 5 போகலாம், அது ஃப்ளாட்டோ ஷார்ப்போ ஆகாதவரை. 3-உம் 7-உம் போகவே கூடாது. கார்டு மேஜரா, மைனரா, டாமினன்டா என்று சொல்பவை அவைதான். பேஸில் சி இருந்தால் பி ஃப்ளாட், ஈ, ஏ மூன்றுமே சி13-க்குப் போதும். 7-ஐ விட்டு 9-ஐ மட்டும் சேர்த்தால் அது சி9 அல்ல, சி ஆட்9.

இன்வெர்ஷனில், அதாவது ரூட் அல்லாத சுரத்தை அடியில் வைப்பதில், குழப்பம் வேறு மாதிரி. சி மேஜர் 7-ஐ ஈ, ஜி, பி அடியில் வைத்து மூன்று விதமாகத் திருப்பலாம், பெயர் மாறாது. சி6-இல் ஏ அடிக்கு வந்தாலோ அது ஏ மைனர் 7 ஆகிவிடும். 9, 13 அடிக்கு வரும்போதும் காது அதை வேறு கார்டின் ரூட்டாக எடுத்துக்கொள்ளவே பார்க்கும். அதனால் நான்காம், ஐந்தாம் இன்வெர்ஷன் என்று எண்ணி மனப்பாடம் செய்வது வீண் வேலை.

அதைவிட, ரூட்டை பேஸ் கலைஞரிடம் விட்டுவிட்டு இடக்கையில் நான்கு சுரம் பிடிப்பது கைகொடுக்கும். மிடில் சி-க்குக் கீழுள்ள எஃப்-இல் தொடங்கி இந்த மூன்று கார்டுகளையும் அடுத்தடுத்து வாசியுங்கள். டி மைனர் 9: எஃப், ஏ, சி, ஈ. ஜி13: எஃப், ஏ, பி, ஈ. சி மட்டும் அரைச்சுரம் இறங்குகிறது, மற்ற விரல்கள் அசைவதில்லை. சி மேஜர் 9: ஈ, ஜி, பி, டி. இதே மூன்றையும் அதே வரிசையில் திருப்பினால் சி, ஈ, எஃப், ஏ. பி, ஈ, எஃப், ஏ. பி, டி, ஈ, ஜி. பன்னிரண்டு ஸ்கேலிலும் கை மிடில் சி-யை ஒட்டியே இருக்க இவ்விரண்டில் எது வசதியோ அதை எடுங்கள். ஓர் ஆக்டேவ் கீழே போனால் நெருக்கமான சுரங்கள் குழம்பிச் சேறாகும். தனியாகப் பழகும்போது ரூட்டையும் எப்படியாவது ஒலிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த டி மைனர் 9 வெறும் எஃப் மேஜர் 7-ஆகவே கேட்கும்.

மெலடி சி-யில் நிற்கும் இடத்தில் மட்டும் மேஜர் 7 வேண்டாம். அதன் அடியிலேயே பி ஒட்டிக்கொண்டு மெலடியை மங்கடிக்கும். பி-க்குப் பதில் ஏ வைத்து சி6 வாசியுங்கள்.