மலைக்காற்றில் முதல் விமானம்

தங்கை மகனுக்குப் பதினாலு வயது. ரிமோட் விமானம் வேண்டும் என்று கேட்டு, போனில் ஒரு படம் காட்டினான். கூர்மூக்கு, குட்டை இறக்கை, சாம்பல் நிறப் போர் விமானம்.

"மாமா, இது எப்படி?"

"பறக்கவிடத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல விமானம்டா. கத்துக்கிறதுக்கு ஆகாது. அதுவும் நம்ம ஊட்டியில ஆகவே ஆகாது."

முகம் வாடிவிட்டது. அவனை உட்காரவைத்து விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விமானத்தைத் தாங்குவது காற்று. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் அது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு காற்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது; வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அடர்த்தியில் போனதை வேகத்தில் ஈடுகட்டியாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 12 சதவீதம் கூடுதல் வேகம் வருகிறது.

வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்க்கும். இதை ஸ்டால் என்பார்கள். அந்த அளவு எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது, ஒவ்வொரு சதுர டெசிமீட்டர் (10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர்) இறக்கையும் எத்தனை கிராம் சுமக்கிறது என்பது. 1.2 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கையோடு 700 கிராம் எடையில் ஒரு பயிற்சி விமானம் இருந்தால் அந்தச் சுமை 29 கிராம். கடற்கரையில் மணிக்கு 23 கிலோமீட்டர் வரை மெதுவாகப் பறக்கும், ஊட்டியில் 26. ஓடித் துரத்துகிற வேகம்தான். அவன் காட்டிய மாதிரி விமானத்தில் சுமை 80 கிராமைத் தாண்டலாம். அப்போது ஊட்டியில் 44 கிலோமீட்டருக்குக் குறைந்தாலே விழுந்துவிடும். முதல் நாள் கையில் ரிமோட் வைத்திருப்பவனுக்கு அந்த வேகத்தில் யோசிக்க நேரமே கிடைக்காது.

சரி, எடை குறைவு, இறக்கை பெரிது. அடுத்துப் பார்க்க வேண்டியது இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு. ஒரு போஸ்ட் கார்டை நடுவில் லேசாக மடித்து, விரித்த V மாதிரி கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். முன்னாலிருந்து சற்றே ஒரு பக்கமாக நகர்ந்து பாருங்கள். உங்கள் பக்கத்துப் பாதியின் அடிப்புறம் தெரியும், அந்தப் பக்கத்துப் பாதியின் மேற்புறம் தெரியும். இப்போது உங்கள் கண்ணை வருகிற காற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே சறுக்கும்; காற்றும் அங்கிருந்துதான் வரும். தாழ்ந்த இறக்கையின் அடியில் பட்டு மேலே தள்ளும், உயர்ந்த இறக்கையின் மேல் பட்டுக் கீழே அழுத்தும். விமானம் தானாக நிமிர்ந்துவிடும். யாரும் ரிமோட்டைத் தொட வேண்டியதில்லை! இதற்கு டைஹெட்ரல் என்று பெயர். இறக்கை உடம்புக்கு மேலே பொருத்தியிருந்தால், சறுக்கும்போது உடம்பைச் சுற்றி ஓடும் காற்றும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காத அழகு.

இப்படிப்பட்ட விமானத்துக்கு மூன்று சேனல் போதும்: மோட்டார் வேகம், ஏற இறங்க எலிவேட்டர், திரும்ப ரட்டர் என்று வாலில் அசையும் இரண்டு மடல்கள். இறக்கையில் ஏலிரான் (பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) உள்ளதை அடுத்த விமானமாக வாங்கிக்கொள்ளலாம். சாய்வை உணர்ந்து தானாக நிமிர்த்திவிடும் கைரோ கருவி இருந்தால் நல்லது. மலையில் காற்று அடிக்கடி தட்டும்.

உடம்பு ஃபோமில் இருக்கட்டும். ப்ரொப்பெல்லர் மூக்கில் இல்லாமல் பின்னால் இருந்தால் இன்னும் நிம்மதி, மூக்கு குத்தினாலும் அது உடையாது. சக்கரம் தேவையில்லை, நம் சரிவுகளில் ஓடுபாதை ஏது? கையால் வீசி, புல்லில் வயிறு தேய இறக்கலாம். ஒன்றே ஒன்று, கவாத்து வெட்டிய தேயிலைப் பக்கம் விடாதீர்கள். சீவிய குச்சிகள் ஈட்டி மாதிரி மேல்நோக்கி நிற்கும். என் முதல் விமானத்தின் இறக்கையில் அப்படி ஏழு ஓட்டைகள். செடிக்குள் கையை விட்டு ஒவ்வொரு குச்சியாக உருவி எடுத்தேன். ஃபோம் துணுக்குகள் கடுகு மாதிரி கொட்டின. மேய்ச்சல் புல்வெளிதான் சரியான இடம்.

பறக்கவிட ஏற்ற நேரம், விடிந்ததும் வரும் முதல் ஒரு மணி நேரம். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து காற்று சரிவில் ஏறத் தொடங்கும். முகட்டுக்கு மறுபுறம் அது சுழன்று கீழே இறங்கும், லேசான விமானத்தை அமுக்கிவிடும். மூடுபனி வருவது தெரிந்தால் உடனே இறக்குங்கள். ஜனவரி உறைபனிக் காலத்தில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி குளிர்ந்தால் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தராது, வோல்டேஜ் இறங்கிவிடும். பறக்கும்வரை ஸ்வெட்டர் பைக்குள் வைத்திருங்கள்.

சட்டமும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளில் பொழுதுபோக்கு மாடல் விமானங்களும் அடங்கும். கண் பார்வைக்குள்தான் பறக்க வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பச்சைப் பகுதியா (முன் அனுமதி தேவையில்லாத இடமா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலைக் காடு, இவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

போன ஞாயிறு அவனும் நானும் போனோம். பனி ஈரம் காயவில்லை. எதிர்க்காற்று பார்த்து நான் வீச, ரிமோட்டை அவன் பிடித்திருந்தான். போகும்போது ஒழுங்காகப் போனது. எங்களை நோக்கித் திரும்பியதும் இடம் வலம் மாறிப்போய், "மாமா, எந்தப் பக்கம்?" என்று கத்தினான்.

"எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கமே ரிமோட் குச்சியைத் தள்ளுடா!"

தள்ளினான். நிமிர்ந்தது. அப்புறம் குச்சியிலிருந்து விரலை எடுக்கச் சொன்னேன். பயந்துகொண்டே எடுத்தான். விமானம் எங்கள் தலைக்கு மேலே நேராகப் போய்க்கொண்டிருந்தது.